குஞ்சு காக்கும் விரால்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். விலங்குகள் தங்கள் முட்டைகளையும் குட்டிகளையும் எவ்வாறு பாதுகாக்கின்றன என்பதே அன்றைய பாடம். "டீச்சர், மீன்கூடக் குஞ்சுகளைப் பாதுகாக்குமா?" என்று ஒரு மாணவன் வினவினான். விரால் மீனைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய என் குரல் பாதியிலேயே தழுதழுத்தது. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டனர். அன்று வகுப்பில் சொல்லாமல் விட்டதை இன்று இங்கே எழுதி வைக்கின்றேன்.

என் தந்தையார் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்று போனது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நண்பகலில் பால் வாளியைக் காண்டாவில் சுமந்து திரும்புவார். குளித்து, உண்டு, சற்றே கண்ணயர்ந்தபின் மூங்கில் தூண்டிலைத் தோளில் சாத்திக் கொண்டு கிளம்பி விடுவார். மண்புழு நிறைந்த மைலோ டின் என் கையில் இருக்கும். வீட்டில் மூத்த பிள்ளை நான். பெண் பிள்ளைக்குத் தூண்டில் எதற்கு என்று பாட்டி முணுமுணுப்பார். அப்பா அதைக் காதில் போட்டுக் கொண்டதே இல்லை.

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஈயத்தால் உலகப் புகழ் பெற்றிருந்தது. தஞ்சோங் துவாலாங்கில் 1938ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஐந்தாம் எண் ஈயக் கப்பல், 1982ஆம் ஆண்டு வரை மண்ணைத் தோண்டியது. 1985ஆம் ஆண்டு ஈய விலை சரிந்தபின் எஞ்சியிருந்த சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கி, அவை ஈயக் குட்டைகளாயின. அக்குட்டைகளே அப்பாவின் உலகம்.

அங்குதான் அவர் எனக்கு ஆசிரியரானார். குட்டையின் மணற்கரை எந்நேரமும் சரியும் என்பதால், கோலால் குத்திப் பார்க்காமல் ஓரடியும் எடுத்து வைக்க விடமாட்டார். பனையேறிக் கெண்டை ஈரத்தில் நெடுநேரம் உயிரோடு கிடக்கும் என்பதையும், விரால் மூச்சு வாங்க மேலே வந்தே தீரும் என்பதையும் கண்முன் காட்டினார். மீன்கொத்தி எந்தக் கிளையில் காத்திருக்கிறதோ, அந்தக் கிளைக்குக் கீழே தக்கையை மிதக்க விடுவார். "அது நம்மளவிட நல்லாப் படிச்சது, பாப்பா" என்பார்.

1990ஆம் ஆண்டு நவம்பர் மாதம். எனக்கு அப்போது பத்து வயது. அம்மா அறுவைச் சிகிச்சையில் என் தம்பியைப் பெற்றெடுத்து வீடு திரும்பியிருந்தார். புண் ஆறுவதற்கு விரால் ரசம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடின்றி அனைவரும் கைக்கொள்ளும் பழக்கம் அது. ஆனால், அந்த மாதம் விடியல்தோறும் மழை. மரம் நனைந்திருந்தால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். ஆகவே வேலை இல்லை. வேலை இல்லாவிடில் சம்பளமும் குறையும். மளிகைக் கடையில் கடன் ஏற்கெனவே நீண்டிருந்தது. சந்தையில் விரால் வாங்கப் பணமில்லை.

மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், தூண்டிலில் சிறு தவளையைக் கோத்துக் கொண்டு அப்பா புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். கோரைப்புல் ஓரமாக நீர்ப்பரப்பில் செந்நிறத் திட்டு ஒன்று கொதிப்பது போல் அசைந்தது. அவை விரால் குஞ்சுகள். அடியில் பெரிய விரால் ஒன்று நிழலாய்ச் சுற்றி வந்தது. குஞ்சுகளைக் காக்கும் வேளையில் விரால் அருகில் வரும் எதையும் பாய்ந்து கடிக்கும். தவளையை அங்கே போட்டால் போதும், மீன் நிச்சயம். தூண்டில்காரர் எவரும் தவற விடாத வாய்ப்பு.

அப்பா சற்று நேரம் நின்று பார்த்தார். பின்னர் தூண்டிலைச் சுருட்டிக் கொண்டார்.

"வா பாப்பா, வேற குட்டைக்குப் போவோம்."

"ஏம்பா? மீனுதான் இங்கயே இருக்கே!"

"இதப் புடிச்சா அத்தனை குஞ்சும் போயிரும்மா. மத்த மீனெல்லாம் தின்னுரும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒருசேர வந்தன. வலியில் முனகிக் கொண்டிருந்த அம்மாவின் முகம் கண்முன் நின்றது. "மீனு மேல இருக்கிற பாசம் உங்களுக்கு அம்மா மேல இல்ல!" என்று கத்தினேன். அப்பா பதிலேதும் சொல்லவில்லை. என்னை லயத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடியும் தனியே சென்றார். மீண்டும் மழை பிடித்துக் கொண்டது. இரவு ஒன்பது மணிக்குமேல், தலை முதல் கால் வரை நனைந்து, ஒற்றை விராலோடு வந்து நின்றார். கால்களில் அட்டைகள் கடித்த இடங்களிலிருந்து இரத்தம் வழிந்தது. அம்மா ரசம் குடித்ததைக் கதவோரம் நின்று பார்த்தபின்தான் ஈர உடையை மாற்றினார். நான் தூங்குவது போல் கண்களை மூடிக் கிடந்தேன்.

பின்னர் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை வந்தது. நாங்கள் ஈப்போவில் ஒரு தாமானுக்குக் குடிபெயர்ந்தோம். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த நாளில் என் பெட்டியைத் தூக்கி வந்தவரும் அப்பாவே. அன்று கத்திய சொல்லுக்காக ஒரு நாளும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கலாம், கேட்கலாம் என்றே ஆண்டுகள் உருண்டோடின.

2016ஆம் ஆண்டு, நீரிழிவால் அவருடைய இடக்கால் விரல்கள் இரண்டை அகற்ற வேண்டியதாயிற்று. சந்தையில் உயிருள்ள விரால் வாங்கி, ரசம் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன். கிண்ணத்தைக் கையில் வாங்கியவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"குஞ்சோட இருந்ததாம்மா?"

இருபத்தாறு ஆண்டுகள் அந்தச் சொல் அவருக்குள்ளும் இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல வேளை வாய்க்காது. ஆனால், தொண்டை அடைத்துக் கொண்டது. "இல்லப்பா, பண்ணையில வளத்த மீனு" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அவர் தலையசைத்துவிட்டு முழுவதையும் குடித்தார். அடுத்த ஆண்டு காலமானார்.

மாணவனின் வினாவுக்கு நான் அளித்த விடை இதுதான்: விரால், தாயும் தந்தையுமாகச் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். குறிப்பேட்டில் அவ்வாறே எழுதிக் கொண்டனர். எனக்கு அதை முதலில் கற்பித்தவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் என்பதை அடுத்த வகுப்பில் அவர்களிடம் சொல்ல எண்ணியுள்ளேன்.

உங்கள் தந்தையார் உயிரோடு இருந்தால், சொல்ல வேண்டியதை இன்றே சொல்லி விடுங்கள். தொண்டை அடைத்தாலும் சொல்லி விடுங்கள்.