அடுத்த முறைக்கான பக்கம்

ஒசாகாவில் குடியிருப்பதால் நாரா எனக்கு ரயிலில் சுமார் 40 நிமிடம். ஹிமேஜிக்கு ஒரு மணி நேரம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஓரிரு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வேலை, வீடு என்று இங்கேயே இருக்கிறவன் நினைத்தால் மறுபடியும் போகலாம். என் பயணக் குறிப்பேட்டை நான் எழுதுவதே அதற்காகத்தான். ஒவ்வோர் ஊருக்கும் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி, தலைப்பில் ‘அடுத்த முறை’ என்று எழுதிவைப்பேன். மற்ற பக்கங்களைவிட அதை நிரப்பத்தான் எனக்கு நேரம் அதிகம் பிடிக்கும்.

வேலை நெருக்கும் மாதங்களில் எழுத வேண்டிய பயணங்கள் சேர்ந்துவிடும். பிறகு உட்காரும்போது, கடைசியாகப் போன ஊரிலிருந்துதான் தொடங்குவேன்; நினைவு தெளிவாக இருக்கும்போதே அதை எழுதிவிட வேண்டும். பழைய பயணங்களுக்குக் காகிதம் சாட்சி சொல்லும். ரயில் கட்டணம் செலுத்தும் இகோகா அட்டையை டிக்கெட் இயந்திரத்தில் நுழைத்தால் எந்தத் தேதியில் எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று அச்சிட்டுத் தந்துவிடும். பல ரயில் நிலையங்களில் பயணிகளுக்காக ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் வைத்திருப்பார்கள். அதைக் குறிப்பேட்டில் குத்திக்கொள்வேன். நாளும் வழியும் இவற்றிலிருந்து கிடைத்துவிடும். அங்கே என்ன பார்த்தேன் என்பதை நான்தான் எழுத வேண்டும். அதனால் ஓர் இடத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டு, அதைக் கிட்டப் போய் நிதானமாகப் பார்க்கிறேன்.

நாராவில் தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். முதல் தடவை போகிறவர்களுக்கு அந்தப் பிரம்மாண்டத்தைத் தாண்டி வேறெதுவும் மனதில் ஏறாது. இந்த முறை பீடத்தின் தாமரை இதழ்களுக்காகவே போனேன். 1180இலும் 1567இலும் மண்டபம் எரிந்துபோனது. இன்று நாம் காணும் தலை 17ஆம் நூற்றாண்டு வேலை. பீடத்து இதழ்கள் சிலவற்றில் 8ஆம் நூற்றாண்டின் கைவேலை எஞ்சியிருக்கிறது. வெண்கலத்தில் கீறிய மெல்லிய கோடுகளில் புத்தரும், சூழ நிற்கும் போதிசத்துவர்களும், கீழே அடுக்கடுக்கான உலகங்களும் தெரியும். 752இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த துறவி போதிசேனர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தக் கருவூலப் பொருட்களில் சிலவற்றை நாரா தேசிய அருங்காட்சியகம் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் காட்சிக்கு வைக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு பொருட்கள் மாறும். நாராவின் ‘அடுத்த முறை’ப் பக்கத்தில் முதல் வரி அதுதான்.

ஹிமேஜி கோட்டைக்கான பக்கத்தை, ஊரிலிருந்து வரும் பெரியவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். 1609இல் கட்டி முடித்த பெரிய கோபுரத்துக்குள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போக வேண்டும். மேலே போகப்போக மரப்படிகள் செங்குத்தாகும். காலுறையோடு ஏறினால் வழுக்கும். முட்டிவலிக்காரர்களை ஏற்றக் கூடாது. கோட்டைக்கு முன்னால் உள்ள புல்வெளியில் உட்காரவைத்தாலே முழுக் கோபுரமும் தெரியும். ஓடுகளின் இணைப்புகளிலும் சுண்ணாம்புச் சாந்து பூசியிருப்பதால்தான் கூரைகூட வெளுப்பாகத் தெரிகிறது என்பதை அங்கிருந்தே காட்டிவிடலாம்.

இசே ஆலயத்தின் மூலக் கோயிலில் படிகளைத் தாண்டிப் படம் எடுக்க அனுமதியில்லை. அங்கே எழுத்து ஒன்றுதான் துணை. 20 ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் கோயிலைப் புதிதாகக் கட்டித் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்வார்கள். கடைசியாக 2013இல் நடந்தது, அடுத்தது 2033இல். இசேயின் வெளி ஆலயத்தில், காலியாக உள்ள மனையை நடைபாதையிலிருந்தே பார்க்கலாம். கூழாங்கல் பரப்பிய வெறும் தரை, அதில் ஒரு சிறு மரக்கூடு, அவ்வளவுதான். கோயில் நிற்கும் மனையைவிட இந்த மனைக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்று எழுதினேன். 2033க்குப் பிறகு கோயில் இங்கே இருக்கும். இப்போது கோயில் இருக்கும் மனை காலியாகிவிடும்.

அதுவரை இந்த நாட்டில் இருப்பேனா என்பது விசாவையும் வேலையையும் பொறுத்தது. இருந்தாலும் 2033க்கென்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். நான் போக முடியாவிட்டாலும், இந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இன்னொருவர் அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும். அதனால் எந்த வாயிலில் நுழைவது, எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்ப்பது என்பது வரை எழுதுகிறேன்.