தலை சாய்ந்த சிலை

நம் ஊர்களில் ஒருவருக்குச் சிலை வைப்பதென்று முடிவாகிவிட்டால், அவர் எப்படி இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. எங்கே வைப்பது, யார் திறப்பது, கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது, இவைதாம் கேள்விகள். உருவத்தைப் பற்றிய கவலை சிமெண்டு வேலைக்காரருடையது. அவரும் கம்பி கட்டி, கலவை பூசி, தங்க வர்ணம் அடித்து நிறுத்திவிடுகிறார். கீழே பெயர் எழுதியிருப்பதால் இன்னார் என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

நிலக்கோட்டையில் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் காலமான பிறகு, பழைய மாணவர்கள் சிலர் கூடி, பள்ளி நூலகத்தில் அவர் உருவத்தைப் பஞ்சலோகத்தில் வைப்பதென்று தீர்மானித்தோம். முழு உருவம், ஒன்றரை அடி உயரம். உலோகம் என்றால் எங்கள் பக்கத்தில் திண்டுக்கல் பூட்டுத்தான். பூட்டு வேலைக்கு அங்கே ஆள் உண்டு. முகம் வார்க்க வேண்டுமானால் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைக்குத்தான் போகவேண்டும். புகைப்படத்தை முன்பே அனுப்பியிருந்தோம். மெழுகு உரு தயார், வந்து பார்க்கலாம் என்று தகவல் வந்ததும் நாலு பேர் கிளம்பினோம். வாத்தியாரின் மனைவியை அழைத்துப் போவதா என்பதில் கமிட்டியில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. அந்த அம்மாள் யாரையும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறி முன் ஸீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மனிதனை உலோகத்தில் நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனுக்கும் அவன் தேவி லோகமாதேவிக்கும் செப்புத் திருமேனி வைத்த செய்தியை அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. வைத்தவர் கோயில் காரியம் பார்த்த அதிகாரி. களவு போன அந்த உருவங்கள் என்று அகமதாபாத்திலிருந்து இரண்டு சிலைகளை 2018-ல் மீட்டு வந்தார்களே, அந்த ராஜராஜனைப் பாருங்கள். கைகூப்பி நிற்கிறான். போர்த் தழும்பு இல்லை, வயது இல்லை. பக்தன் ஒருவன் நிற்கிறான், அவ்வளவுதான். சிற்ப நூல்களின் கணக்கும் அதற்கு ஏற்றதே. முகத்தின் நீளம் ஒரு தாலம்; பெரிய தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், மற்றவர்களுக்கு அவரவர் தரத்துக்குத் தக்கபடி குறைவு. தென்னங்கீற்று ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அந்த அளவுகளைக் காண்பார்கள். ஆனால் எங்கள் வாத்தியாருக்கு எத்தனை தாலம்?

ஸ்தபதியின் பட்டறையில் மெழுகு வாத்தியார் ஒரு பலகையின்மேல் நின்றார். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு. கருத்து, வெல்லப்பாகு போல் மினுமினுத்தது. தலை, கை, உடல் என்று தனித்தனியே செய்து, காய்ச்சிய இரும்பால் ஒட்டவைத்திருந்தார்கள். மூக்கு சரி. வேட்டிக் கொசுவம் வெகு நேர்த்தி. எங்கள் தலைவர், "பிரமாதம்!" என்றார்.

அம்மாள் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "அவுக இல்ல தம்பி" என்றார்.

"சொல்லுங்கம்மா, எங்கே மாத்தணும்?"

"கழுத்து. அவுகளுக்கு வலது காது கேக்காது. யாரு பேசினாலும் இடது காதைக் கொடுத்துச் சாஞ்சுதான் நிப்பாக. இது யாரு பேச்சையும் கேக்காத ஆளு மாதிரில்ல நிக்கிது!"

தலைவருக்குச் சங்கடம். "சிலை என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டாமா? குறையைக் காட்டினால் அவமரியாதையாகாதா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆயிரம் வருஷத்து வழக்கம் அவர் பக்கம். எனக்கு மட்டும் சென்னைக் கடற்கரை நினைவுக்கு வந்தது. 1959-ல் அங்கே வைத்த உழைப்பாளர் சிலையில், தேவி பிரசாத் ராய் சௌத்ரி நாலு பேரை வளைத்தும் முறுக்கியும் பாறையைப் புரட்டவிட்டிருக்கிறார். ஒருவன்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. அதனால் அவர்களுக்கு என்ன மரியாதை குறைந்துவிட்டது?

ஸ்தபதி விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. "இப்ப சொன்னா உண்டு. மண்ணு பூசினப்புறம் நானே பார்க்க முடியாது" என்று மட்டும் சொன்னார். அந்தத் தொழிலின் கண்டிப்பு அப்படி. மெழுகின்மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, கனமான மண் போர்த்தி, கம்பி கட்டிவிடுகிறார்கள். வறட்டி நெருப்பில் சுட்டதும் மெழுகு உருகித் துளை வழியே ஓடிவிடும். இத்தனை நாள் பார்த்த முகம் உள்ளே வெற்றிடமாக இருக்கும். செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தக் குழம்பை அந்த வெற்றிடத்தில் ஊற்றுகிறார்கள். மெழுகு ஒன்றரைக் கிலோ என்றால் உலோகம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ பிடிக்கும். ஊற்றுவது நின்று நின்று விழுந்தால் போச்சு. மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் வெடிக்கும். ஆறினபின் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மெழுகும் இல்லை, அச்சும் இல்லை. இன்னொன்று வேண்டுமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாள் பலகையை விட்டு நகரவில்லை. கடைசியில், "உங்கள் இஷ்டம்" என்று தலைவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

ஸ்தபதி கத்தியைக் காய்ச்சிக் கழுத்தை அறுத்தார். எங்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவாம்மா?" என்று சாய்த்துக் காட்டினார். "இன்னும் கொஞ்சம்." "இவ்வளவு?" "தோளும் இறங்கணும் தம்பி." தோளை இறக்கியதும் வேட்டிக் கொசுவம் பொருந்தவில்லை, அதையும் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டினார். பகல் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். அவர் பழைய தென்னங்கீற்றைத் தொடவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

வார்ப்புக்கு நாங்கள் போகவில்லை. சீவி, ராவி, துலக்கி, வைக்கோல் சுற்றிய மரப்பெட்டியில் வாத்தியார் நிலக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். இப்போது நூலகத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், இடது காதைக் கொடுத்தபடி நிற்கிறார். மாலை போட்டால் சாய்ந்த பக்கமாக நழுவி விழுந்துவிடுகிறது. எங்கள் ஊரில் மல்லிகைக்குப் பஞ்சமில்லை. யாராவது தினம் ஒரு சரம் சாத்துகிறார்கள், அது தினமும் தரையில் கிடக்கிறது. கூட்டிப் பெருக்குகிற அம்மாளுக்கு அதில் ரொம்பக் கோபம்.