ஃப்ளாட்டெய்ரி: மீன் இருக்கிறது... பிடிக்கும் உரிமை இல்லை!

ஐஸ்லாந்து நாட்டின் வடமேற்கு மூலையில், மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழைந்திருக்கிறது கடல். அந்தக் குடாவுக்குள் நாக்குபோல நீண்டிருக்கும் சமதரையில் இருக்கிறது, ஃப்ளாட்டெய்ரி என்ற சின்னக் கிராமம். காட் மீன்தான் இவர்களுக்கு நெல்லும் கரும்பும்.

ஊருக்கு மேலே, மலையடிவாரத்தில் பெரிய மண்கரை தெரிகிறது. 1995 அக்டோபரில் பனி சரிந்து 20 பேர் இறந்த பிறகு கட்டிய தடுப்பு அது. அந்த அடியையும் தாங்கி எழுந்தது ஊர். ஆனால், 2007-ல் விழுந்த அடிக்குக் கரை எதுவும் இல்லை.

1976-ல் பிரிட்டனுடனான ‘காட் போர்’ முடிந்து, 200 கடல் மைல் வரையிலான கடல் ஐஸ்லாந்தின் கைக்கு வந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் விலகின. உள்நாட்டுப் படகுகள் போட்டி போட்டு அள்ளின. மீன் குறையவே, 1984-ல் பங்கு முறை வந்தது. அறிவியலாளர்களின் ஆலோசனைப்படி ஆண்டுக்கு இத்தனை டன் என அரசு வரம்பு கட்டும். அதில் ஒவ்வொரு படகுக்கும் இத்தனை சதவிகிதம். முந்தைய மூன்று ஆண்டுகளில் பிடித்த மீன்தான் கணக்கு. பங்கு, படகின் உரிமையாளருக்கே போனது. படகில் உழைத்தவருக்கும், கரையில் மீன் அறுத்தவருக்கும் எதுவும் இல்லை.

1990-ம் ஆண்டுச் சட்டம், பங்கை விற்கவும் வாங்கவும் வழியைத் திறந்துவிட்டது. நன்மை இல்லாமல் இல்லை. முந்திக்கொள்ளும் ஓட்டம் நின்றது. சந்தை விலை பார்த்துக் கடலுக்குப் போக முடிந்தது. வரம்பை இறுக்கிப் பிடித்ததால், காட் மீன் வளமும் தேறியது.

ஆனால், வாய்க்காலின் முறைத்தண்ணீரை ஒருவர் வெளியூருக்கு விற்றுவிட்டால் கடைமடை என்ன ஆகும்? 2007-ல் ஃப்ளாட்டெய்ரியில் நடந்தது அதுதான். ஊருக்கே வேலை கொடுத்துவந்த நிறுவனம், பங்கை விற்று மூடியது. கடல் அங்கேயே இருந்தது, மீனும் இருந்தது. வேலைதான் போய்விட்டது.

இத்தனைக்கும், ‘மீன் வளம் நாட்டு மக்களின் பொதுச் சொத்து’ என்பதுதான் அந்தச் சட்டத்தின் முதல் பிரிவு. 2007-ல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும், இந்தப் பங்கீடு பாரபட்சமானது எனச் சொன்னது.

2009-ல் அரசு ஒரு சின்னக் கதவைத் திறந்தது. மே முதல் ஆகஸ்ட் வரை, சிறு படகுகள் உரிமம் மட்டும் பெற்று, சொந்தப் பங்கு இல்லாமலே தூண்டில் போடலாம். நாளுக்கு ஒரு நடை, 14 மணி நேரம், நான்கு தூண்டில் உருளைகள். அதற்கும் மொத்த வரம்பு உண்டு.

வரம்பு, மீனைக் காப்பாற்றியது. பங்கு ஊரை விட்டுப் போகாமல் காக்கத்தான் வழி செய்யவில்லை. தண்ணீரோ, மேய்ச்சல் நிலமோ, பொதுவில் இருப்பதைப் பங்கு பிரிக்கும்போது, ‘இதை விற்கலாமா... யாருக்கு விற்கலாம்?’ என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.