சிகரத்துக்கு இரண்டு மாத லீவு

எவரெஸ்ட் ஏற நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது லீவு. அதுவும் ஏறத்தாழ இரண்டு மாதம். நேபாளப் பக்கத்து அடிவார முகாம் 5,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் அங்கேயே கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். 8,849 மீட்டர் உச்சியில் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். உடம்பு இதற்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். கொஞ்சம் ஏறி, இறங்கி வந்து படுத்து, மறுபடி இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரே போகலாம். உடம்பு பழகிய பிறகும் காத்திருப்பு முடியாது. உச்சியின் கடுங்காற்று ஓய்ந்து, பருவமழை தொடங்குவதற்கு முன்னால், மே மாதத்தில் சில நாட்கள்தான் வழி திறக்கும்.

அந்த இரண்டு மாதத்தை யாரிடமிருந்து கேட்டு வாங்குவது? வேலை பார்க்கும் பெண்ணுக்கு மலையின் முதல் செங்குத்து இதுதான்.

ஜப்பானின் ஜுன்கோ தாபெய் அதை ஏறிக் காட்டியவர். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். இயற்பியல் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தார். 1969இல் பெண்களுக்கென்று மலையேற்றச் சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அன்னபூர்ணா 3 சிகரத்தை எட்டினார். எவரெஸ்டுக்கு அனுமதி கேட்டுவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தபோது, நிதி கேட்டுப் போன இடங்களில் கிடைத்த பதில், ‘வீட்டில் இருந்து பிள்ளையை வளருங்கள்’ என்பதுதான். கடைசியில் ஒரு நாளிதழும் தொலைக்காட்சி நிறுவனமும் உதவ முன்வந்தன. அப்படியும் குழுவில் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 15 லட்சம் யென் தர வேண்டியிருந்தது. தாபெய் பியானோவும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்துப் பணம் சேர்த்தார். காசு மிச்சப்படுத்த, பழைய கார் இருக்கை உறைகளை வெட்டி நீர் புகாத கையுறைகள் தைத்துக்கொண்டார்கள். அந்த 15 பேரில் ஆசிரியைகள் இருந்தார்கள், கணினி நிரல் எழுதுபவர் இருந்தார். வேலைக்குப் போய்க்கொண்டே மலைக்குத் தயாரானவர்கள்.

1975 மே 4 அன்று பனிச்சரிவு முகாமின் மேல் விழுந்தது. பனிக்கு அடியில் நினைவிழந்து கிடந்த தாபெயை ஷெர்ப்பாக்கள் இழுத்து வெளியே எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, மே 16 அன்று, எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் பெண் ஆனார். அப்போது வீட்டில் அவருடைய சிறு வயது மகள், கணவர் மசனோபுவின் பொறுப்பில் இருந்தாள். மசனோபுவும் மலையேறுபவர். தாபெயின் இரண்டு மாதத்தை வீட்டுக்குள்ளிருந்து தாங்கிப் பிடித்த அவருடைய பங்கை, இந்தக் கதையைச் சொல்லும் யாரும் விட்டுவிடக் கூடாது.

மூன்று ஆண்டு கழித்து, அமெரிக்கப் பெண்கள் குழு ஒன்று 8,091 மீட்டர் அன்னபூர்ணாவுக்குப் போனது. தலைவி ஆர்லீன் பிளம் உயிர்இயற்பியல் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். குழந்தைகளின் இரவு உடைகளில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த டிரிஸ் என்ற வேதிப்பொருள் மரபணுவைக் கெடுக்கக்கூடியது என்று, உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸுடன் சேர்ந்து 1977இல்தான் எழுதியிருந்தார். அந்த ஆண்டே அமெரிக்காவில் அத்தகைய உடைகளுக்குத் தடை வந்தது. 1978 அக்டோபர் 15 அன்று உச்சியை அடைந்த ஐரீன் மில்லர் ஐபிஎம் நிறுவனத்தில் இயற்பியலாளர். உடன் உச்சியை அடைந்த வேரா கொமார்கோவா தாவரவியலாளர். அவர்களோடு இரண்டு ஷெர்ப்பாக்களும் ஏறினார்கள். பயணச் செலவுக்கு டி-ஷர்ட் விற்றுப் பணம் திரட்டியிருந்தது இந்தக் குழு.

இரண்டு நாள் கழித்து, அடுத்து ஏறப் போன வேரா வாட்சனும் அலிசன் சாட்விக்கும் விழுந்து இறந்தார்கள். வாட்சன், ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் வேலை பார்த்தவர். இன்று உலகெங்கும் தரவுத்தளங்களில் புழங்கும் எஸ்.க்யூ.எல். மொழி பிறந்தது அந்தத் திட்டத்தில்தான். வேலையையும் மலையையும் சேர்த்து வைத்துக்கொள்வது பற்றிப் பேசும்போது இந்த இழப்பையும் பேசித்தான் ஆக வேண்டும். வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே பயம் ஆண் புறப்படும்போது வழியனுப்பு விழாவாகவும், பெண் புறப்படும்போது தடையாகவும் மாறுவதில் நியாயம் இல்லை.

சிலர் ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிடுகிறார்கள். ஆஸ்திரியாவின் கெர்லிண்டே கால்டன்ப்ரூனர் செவிலியராக உழைத்துச் சேர்த்த சம்பளத்தில்தான் ஆண்டுக்கணக்கில் இமயமலைக்குப் போய்வந்தார். 2003க்குப் பிறகு முழுநேர மலையேற்றத்துக்கு வந்தார். 2011இல் கே2 சிகரத்தோடு, 8,000 மீட்டரைத் தாண்டும் 14 சிகரங்களையும் ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் ஏறிய முதல் பெண் ஆனார்.

எல்லோராலும் வேலையை விட முடியாது. விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்து சென்னையில் ஜப்பானிய மொழி ஆசிரியையாக இருந்த முத்தமிழ்ச்செல்வி, இரண்டு பெண் குழந்தைகளின் தாய். 2023 ஏப்ரலில் புறப்பட்டு, மே 23 அன்று எவரெஸ்டை எட்டிய முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். அரசும் நன்கொடையாளர்களும் செலவில் கைகொடுத்தார்கள்.

இவர்கள் எல்லோருமே மன உறுதியில் குறைவில்லாதவர்கள். ஆனால் மன உறுதியை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனால், அடுத்து வரும் பெண்ணுக்கு அதனால் ஒரு நாள் லீவுகூடக் கிடைக்காது. உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சியே 28 நாள். மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் ஈட்டிய விடுப்பு 30 நாள். பனியில் நடக்கக் கற்பதற்கே ஒரு வருட ஈட்டிய விடுப்பு ஏறத்தாழத் தீர்ந்துவிடும்.

வழி தெரியாத சிக்கல் அல்ல இது. 1984இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பாலை டாடா ஸ்டீல் வேலைக்கு எடுத்து, சாகசப் பயிற்சி அமைப்பை நடத்தும் பொறுப்பையே கொடுத்தது. அவரிடம் பயிற்சி பெற்ற ஜாம்ஷெட்பூர் இல்லத்தரசி பிரேம்லதா அகர்வால், 2011இல் 48ஆவது வயதில் அதே உச்சிக்குப் போனார். பயிற்சிக்காலத்துக்குத் தனி விடுப்பு, திரும்பி வந்ததும் பழைய பொறுப்பு, அந்த வாரங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தயாரான கணவர்: சென்னையிலோ கோவையிலோ அலுவலகம் போகும் ஒரு பெண் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுத உட்காரும்போது, இந்த மூன்றும் அவளுக்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும்.