நோட்டீஸ் போர்டு

பத்து நாளாகப் பதிவு எதுவும் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, போன் போட்டு விசாரித்தவர்களுக்கு நன்றி. ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததில் நாள் போய்விட்டது.

காணும் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு பழைய மாணவி குடும்பத்தோடு வேடந்தாங்கல் வந்தாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் புவியியல் படித்தவள். இப்போது ஒரு விமானக் கம்பெனியில் பைலட். காக்பிட்டில் வலது பக்க இருக்கை. பெயர் போட வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். இந்த வருஷம் தண்ணீர் நன்றாக இருக்கிறது. கடம்ப மரம் முழுக்க நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா. ஓரத்தில் ஊசிவால் வாத்துகள். அதைக் காட்டி, இது சைபீரியா பக்கத்திலிருந்து வருவது என்று பழைய பாடத்தை ஆரம்பித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "சார், இதுங்களுக்கு யார் சார் ரூட் போட்டுக் கொடுக்கறாங்க?" என்றாள்.

"உனக்கு யாரும்மா போட்டுக் கொடுக்கறாங்க?" என்றேன்.

அங்கே ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இரண்டு முறை போன் செய்த பிறகுதான் எழுந்தோம்.

வெளிநாட்டு விமானம் என்றால் கம்பெனியில் டிஸ்பாட்ச் என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். பாதை, எரிபொருள், வானிலை, எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் கட்டாகச் சேர்த்துப் பைலட்டின் டேப்லெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதை ஏற்றுக் கையெழுத்துப் போடுவது கேப்டன். அதனால் இவள் முதல் நாள் ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து, இணையத்தில் பொதுவில் கிடைப்பதையெல்லாம் தானாகவும் ஒரு முறை பார்த்துவிடுவாளாம். அதில் பெரும்பாலானவை காசு கேட்காத தளங்கள். நாமும் பார்க்கலாம். நான் இத்தனை நாள் விண்டியில் புயல் படமும் ஃபிளைட்ரேடாரில் மஞ்சள் விமானமும் பார்த்துக்கொண்டு, பெரிய விஷயம் தெரிந்தவன் என்று நினைத்திருந்தேன்.

முதலில் வானிலை. மீனம்பாக்கத்தின் சர்வதேசக் குறியீடு வி-ஓ-எம்-எம். 'வி' என்றால் நம் தெற்காசியப் பக்கம், 'ஓ' என்றால் தென்னிந்தியா. திருச்சி வி-ஓ-டி-ஆர். கொழும்பு 'வி-சி' என்று தொடங்கும். இந்தக் குறியீட்டைப் போட்டால் அரை மணிக்கு ஒரு முறை 'மெட்டார்' என்ற ஒற்றை வரி அறிக்கை வருகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து, எத்தனை நாட், எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் அந்த ஒரு வரியில். அடுத்த 30 மணி நேரக் கணிப்புக்குப் பெயர் 'டாஃப்'. நம் வானிலைத் துறைக்கே இதற்கென்று ஆன்லைன் பிரீஃபிங் தளம் இருக்கிறது. அமெரிக்க அரசின் விமான வானிலைத் தளத்திலும் உலகம் முழுவதற்கும் பார்க்கலாம்.

அந்த அறிக்கையில் மூடுபனிக்கு 'பி-ஆர்', புகைக்கு 'எஃப்-யூ' என்று இருந்தது. ஆங்கிலத்தில் மிஸ்ட், ஸ்மோக் அல்லவா, இது என்ன என்றேன். பிரெஞ்சாம் சார், 'ப்ரூம்', 'ஃப்யூமே' என்றாள். 2018 போகியன்று புகையால் சென்னை விமானங்கள் தடுமாறின அல்லவா? நாம் கொளுத்திய பழைய பாய்க்கும் டயருக்கும் பிரெஞ்சில் ஒரு குறியீடு. நேரம் மட்டும் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். 0530 என்று போட்டிருந்தால் நமக்குக் காலை 11 மணி. "ஐந்தரை மணி நேரம் கூட்டணும். 82½ டிகிரி கிழக்கு, நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்" என்றாள். பென்ஷனைவிட அந்த வார்த்தை இனித்தது என்று சொன்னால் நம்புங்கள்.

அடுத்து ஏ.ஐ.பி. என்ற புத்தகம். ஒவ்வொரு நாடும் தன் வான்வெளியைப் பற்றிய எல்லா விவரத்தையும் இப்படி வெளியிட வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் நாட்டுப் புத்தகம் விமான நிலைய ஆணையத்தின் ஏ.ஐ.எம். இந்தியா தளத்தில் திறந்தே கிடக்கிறது. மாற்றங்கள் உலகம் முழுவதும் 28 நாள் சுற்றில், ஒரே தேதியில் அமலுக்கு வரும். எந்த நாட்டுப் புத்தகத்தைத் திறந்தாலும் பகுதி எண்கள் ஒன்றுதான். அதில் 'என்ரூட் 5.6' என்ற பகுதியை அவள் எடுத்துக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தலைப்பே பறவைகளின் வலசையும், உயிரினங்களுக்கு ஊறு நேரக்கூடிய பகுதிகளும்! 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்திலேயே இந்த ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று நம் ஊர்க்காரர்கள் உத்தரவு வாங்கினார்கள். இன்றும் தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. இப்போது வானத்தில் போகிறவனுக்கும் உலகப் பொது விதியில் பறவைக்கென்று ஒரு பக்கம். இரக்கம் மட்டும் காரணமில்லை, பயமும்தான். 2009 ஜனவரி 15, நமக்குப் பொங்கல் சமயம், நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் போய், 155 பேரோடு ஒரு விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியதே, நினைவிருக்கிறதா? அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

புத்தகம் 28 நாளைக்கு ஒரு முறைதான் மாறும். அதற்குள் ஓடுபாதை உடைந்தால், விளக்கு எரியாவிட்டால், ஒரு நாடு திடீரென்று வானத்தை மூடினால்? அதற்கு 'நோட்டாம்' என்ற அறிவிப்பு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போது வங்கக் கடலின் மேல் இந்த இந்த நேரம் பறக்காதே என்று வருவது இதுதான். 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வானத்தை மூடியது, பதிலுக்கு நாம் மூடியது, பிறகு மாதாமாதம் நீட்டித்தது எல்லாம் நோட்டாம் வழியாகத்தான். 2025 ஜூன் 23 இரவு கத்தார் வானம் சில மணி நேரம் மூடப்பட்டபோது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு வதந்தி அனுப்பினீர்களே, அப்போது எங்கே போய்ப் பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை. இப்போது தெரியும். போர் அபாயமுள்ள வானங்களைப் பற்றி 'சேஃப் ஏர்ஸ்பேஸ்' என்றே ஒரு தளம் இருக்கிறது. அடுத்த முறை முதலில் அதைப் பாருங்கள், பிறகு பதறுங்கள்.

நோட்டாமை நம்பினால் மட்டும் போதாது என்பதற்கும் அவள் ஒன்று சொன்னாள். 2014 ஜூலை 17. கிழக்கு உக்ரைனில் 32,000 அடிக்குக் கீழே பறக்கத் தடை என்று அறிவிப்பு இருந்தது. மலேசிய விமானம் 33,000 அடியில் போனது. விதிப்படி சரி. ஏவுகணை தாக்கி 298 பேர் இறந்தார்கள். அன்று அந்த வானில் அருகிலேயே ஓர் ஏர் இந்தியா விமானமும் போய்க்கொண்டிருந்தது.

பிறகு தன் டேப்லெட்டில் ஒரு பழைய கட்டைத் திறந்து காட்டினாள். கொழும்புக்குப் போய்வர. கூப்பிடு தூரம்தான், அதற்கே பக்கம் பக்கமாக ஓடியது. எல்லாம் பெரிய எழுத்து, டெலிபிரிண்டர் காலத்துச் சுருக்கெழுத்து. எங்கோ ஒரு கிரேன் நிற்கிறது, எங்கோ புல் வெட்டுகிறார்கள், ஒரு டாக்ஸிவே விளக்கு எரியவில்லை. நடுவில் ஒரு வரி, ஓடுபாதை மூடியிருக்கிறது என்று. எல்லாம் ஒரே அளவு எழுத்து. "இதுல எது முக்கியம்னு யாரும்மா சொல்லுவா?" என்றேன். "யாரும் சொல்ல மாட்டாங்க சார்" என்றாள்.

2017 ஜூலை 7 நள்ளிரவு நெருங்கும் நேரம். டொரண்டோவிலிருந்து வந்த ஏர் கனடா விமானம், 140 பேர், சான்பிரான்சிஸ்கோவில் இறங்குகிறது. இரண்டு இணை ஓடுபாதைகளில் ஒன்று மூடப்பட்டு விளக்கு அணைக்கப்பட்டிருந்தது. பைலட்டுகள் எரிகிற ஓடுபாதையை மூடப்பட்ட மற்றதென்று எண்ணி, அதற்குப் பக்கத்து டாக்ஸிவேயை ஓடுபாதை என்று நினைத்து இறங்கினார்கள். அங்கே நான்கு விமானங்கள் பயணிகளோடு வரிசையில் நின்றன. தரையிலிருந்து ஏறத்தாழ 60 அடி உயரம் வரை வந்து, மேலே தூக்கிவிட்டார்கள். ஓடுபாதை மூடிய செய்தி அவர்கள் கட்டில் இருந்தது. 27 பக்கத்தில் எட்டாவது பக்கம். இருவர் நினைவிலும் தங்கவில்லை.

இதைக் கேட்டதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவள் ஏதோ எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

தொண்ணூறுகளில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் என் பொறுப்பு. நோட்டீஸ் போர்டில் ஒரு முழுத் தாளில் பதினான்கு அறிவிப்பு எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று எனக்கு ஒரு கர்வம். சைக்கிள் ஸ்டாண்டு, சீருடை, விளையாட்டு விழா, நூலகப் புத்தகம் என்று போய், பதினோராவதாக, பெயரும் பிறந்த தேதியும் சரிபார்த்து இந்தத் தேதிக்குள் கையெழுத்திடவும் என்று எழுதியிருந்தேன். ஒரு பையன் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில். அவன் வயது பதிவேட்டில் இரண்டு வருஷம் கூடுதலாக இருந்தது, அப்படியே சான்றிதழில் ஏறிவிட்டது. பிறகு வந்து நின்றான். "போர்டுல போட்டிருந்தேனே, பார்க்கலையா?" என்று கேட்டேன். நாலு பேர் எதிரில்.

அவனுக்கு ராணுவம்தான் ஆசை. ஓட்டத்தில் மாவட்ட அளவில் வந்தவன். ஆள் எடுப்பில் வயது தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். சான்றிதழைத் திருத்த அவன் அலைந்தது எனக்குத் தெரியும். நான் எழுதிக் கொடுத்த கடிதம் எதற்கும் பயன்படவில்லை. இப்போது நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருக்கிறான். பொங்கலுக்குத் தவறாமல் கரும்புக் கட்டோடு வருகிறான். இத்தனை வருஷமும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: போர்டில் போட்டிருந்தேன்.

"நீ என்னம்மா பண்ணுவே இத்தனை பக்கத்தையும்?" என்று கேட்டேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு சின்னத் தாளில் மூன்றே வரி எழுதிக்கொள்வாளாம். எது மூடியிருக்கிறது, எது வேலை செய்யவில்லை, எங்கே போகக் கூடாது. இறங்குவதற்கு முன் அதைக் கேப்டனிடம் வாய்விட்டுப் படிப்பாளாம். "எழுதினா மட்டும் போதாது சார், அவர் திருப்பிச் சொல்லணும்."

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் டயர் கடைக்குப் போன் போட்டேன். விமானம், நோட்டாம், எட்டாவது பக்கம் என்று என்னென்னவோ சொல்லி, கடைசியில் அந்தப் போர்டு விஷயத்துக்கு வந்து, என் மேல்தான் தப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் காற்றடிக்கும் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"சார், அந்தப் போர்டு எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது சார். சூளைப் பசங்க நாங்க எல்லாம் பின்னாடி கேட்டு வழியாதான் வருவோம்."