உடம்பு இன்னும் நம்பவில்லை

பெரிய ஆபத்திலிருந்து தப்பி வந்தவரிடம், "உசுரு தப்பிச்சதே பெரிசு" என்று நாம் சொல்கிறோம். அது ஆறுதல். ஆறு மாதம் போன பிறகு, "இன்னும் அதையே நெனச்சுக்கிட்டிருந்தா எப்படி? மனசைத் தேத்திக்க" என்கிறோம். அது வெந்த புண்ணில் வேல்.

2004 டிசம்பர் 26 காலை கடல் சுனாமியாக எழுந்து வந்தபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். என் ஆசிரியர் வேலையின் பிற்பகுதி, பிழைத்தவர்களின் பிள்ளைகளோடு கழிந்தது. ஒருநாள் கரையில் ஒரு மீனவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கிழிந்த வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு லாரி கருங்கல்லைக் கொட்டியது. ஊசி கையிலிருந்து நழுவியது. எழுந்து நின்றுவிட்டார். கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. சட்டை முதுகு நனைந்துவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தார்: "லாரிதான்னு தெரியுது சார். மனசுக்குத் தெரியுது. ஒடம்புதான் கேக்க மாட்டேங்குது."

மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

ஆபத்து கண்ணில் பட்டதும் மூளையின் உள்ளே இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி விழித்துக்கொள்கிறது. நாம் யோசித்து முடிப்பதற்குள், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கைகாலுக்கு ரத்தம் பாய்கிறது. ஓடிப் பிழைத்தவர்கள் இதனால்தான் பிழைத்தார்கள். சில நிமிடங்களில், மூளையின் உத்தரவுப்படி, அதே சுரப்பியிலிருந்து கார்டிசோல் வருகிறது. தாக்குப்பிடிக்கச் சர்க்கரையைத் தருவது அதன் ஒரு வேலை. மூளைக்கே திரும்பிப்போய் "போதும், நிறுத்து" என்று சொல்வது இன்னொரு வேலை. வண்டிக்கு பிரேக் மாதிரி.

ஆபத்து போன பிறகும் உடம்பு அடங்காமல் இருக்கும் நிலைக்கு, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் இடம் கொடுத்தது 1980இல்தான். அந்த நோயாளிகளுக்குக் கார்டிசோல் எக்கச்சக்கமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் சிறுநீரைச் சோதித்து 1986இல் ஜான் மேசன் குழுவினர் வெளியிட்ட முடிவு நேர்மாறாக இருந்தது: குறைவு. பிறகு, நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட யூதர்களிடம் ரேச்சல் யெஹுதாவும் அதையே கண்டார். இன்னொரு பக்கம், பதற்றத்தை மூட்டும் நார்அட்ரினலின் இவர்களிடம் தூக்கலாக இருக்கிறது. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கார்டிசோல் பரிசோதனையை வைத்து இந்த நோயை உறுதிசெய்ய முடியாது. யாராவது அதற்குப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

நினைவின் கதையும் இதோடு சேர்ந்தது. உச்சகட்ட பயத்தில் சுரக்கும் அட்ரினலின், அந்தக் காட்சியை மூளையில் ஆழமாகப் பதியவைக்கிறது. இது எங்கே, எப்போது நடந்தது என்று குறித்துவைக்கவேண்டிய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியோ அந்த நேரத்தில் சரியாக வேலை செய்வதில்லை. அதனால்தான் பழைய நினைவு பழையதாக வருவதில்லை. இப்போதே நடப்பதுபோல் வருகிறது. அந்த மீனவருக்கு மறுபடி மறுபடி அலை வந்துகொண்டிருந்தது. அவரிடம் போய் "மறந்துடுங்க" என்பது, காய்ச்சல்காரரைப் பார்த்து "சுடாதே" என்று சொல்வதற்குச் சமம். கோழை என்று சொல்வது அநியாயம்.

இந்தத் துயரத்தை நம் ஊர்களில் இரண்டு வழியில் அமுக்கிவைக்கிறார்கள். ஆண்கள் குடிக்கிறார்கள். குடி தூங்கவைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும். விடிந்தால் பதற்றம் கூடும். மற்றவர்கள் மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குகிறார்கள். பேரதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரைகளை இதற்குக் கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. விபூதி போட்டு மந்திரிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஒருவர் பரிவோடு தலையில் கைவைப்பது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது.

ஆபத்தைச் சந்தித்தவர்களில் பெரும்பாலானோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்துப் பக்கமே போகாமை, பாசம் மரத்துப்போதல் எல்லாம் நீடித்தால் வைத்தியம் வேண்டும். பயிற்சி பெற்றவர் துணையோடு அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக, பத்திரமான இடத்தில் உட்கார்ந்து மறுபடி எதிர்கொள்ளும் பேச்சுச் சிகிச்சைதான் இதில் முதன்மையானது. நினைவு அழியாது, அது முடிந்துபோன விஷயம் என்பதை உடம்பு பழகிக்கொள்ளும். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் உண்டு. வருடங்கள் ஓடிவிட்டன, இனி என்ன என்று யாரும் கைவிட வேண்டாம். காலம் கடந்து தொடங்கினாலும் பலன் கிடைக்கிறது.

டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் வீட்டில் வெள்ளத்தையோ விபத்தையோ வன்முறையையோ தாண்டி வந்து இன்னும் நடுங்குபவர் இருந்தால், "தைரியமா இரு" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே அந்த எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுங்கள்.