சத்தம் சொன்ன சேதி

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

உடம்புக்கு நோய் வந்தால் மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்கிறார். வண்டிக்கு நோய் வந்தால் அதன் நாடி எங்கே இருக்கிறது? சத்தத்தில் இருக்கிறது. இதைச் சென்ற கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டேன். சுரமானியையும் இசைக்கவையையும் வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகள் படித்ததைவிட, ஒரு பழைய பிக்கப் வண்டியின் அடியில் படுத்துக் கிடந்த சில நாட்களில் ஒலியைப் பற்றி நான் அறிந்துகொண்டது அதிகம். ஒலியை மட்டுமா அறிந்தேன்? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அப்பா சோமனூர்ப் பக்கத்தில் 22 ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். கூலி கட்டுபடியாகாமல் போனதும், "இனி நாடாவோட ஓடுனது போதும், சக்கரத்தோட ஓடலாம்" என்று முடிவெடுத்தார். சேர்த்து வைத்த பணத்தோடு அம்மாவின் நகைகளை அடகு வைத்த பணத்தையும் போட்டு, ஒன்பது வயதான ஒரு பிக்கப் வண்டியைத் தை மாதத்தில் வாங்கினார். சைசிங் மில்லிலிருந்து பாவு பீம்களை ஏற்றித் தறி குடோன்களில் இறக்குவது, அங்கிருந்து காடாத் துணியை ஏற்றி வருவது, இதுதான் வேலை. அம்மாவிடம் மிஞ்சியிருந்தது காதில் கிடந்த தோடு மட்டும்.

விற்றவர் சாவியைக் கொடுக்கும்போதே, "லோடு ஏறுனா சத்தமெல்லாம் அடங்கிப் போயிருமுங்க" என்றார். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

பங்குனியில் சத்தம் தொடங்கியது. காலையில் கிளப்பியவுடன் 'கீச்'சென்று ஓர் அலறல். பள்ளத்தில் இறங்கினால் பின்னால் 'டக், டக்'. வேகம் எடுத்தால் எங்கிருந்தோ 'ஊ...' என்று சங்கு ஊதுவது போல ஓர் இரைச்சல். நான் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போதெல்லாம், "அப்பா, வண்டியில் என்னவோ சத்தம் வருது" என்பேன். "சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. பழைய வண்டின்னா அப்படித்தான்" என்பார் அவர்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஊரே திரும்பிப் பாக்குது. உங்களுக்குக் காது கேக்காதாப்பா?" என்று கத்திவிட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு சாலையைப் பார்த்து ஓட்டினார். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

வற்புறுத்தி ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்கு அழைத்துப் போனேன். அங்கே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கிரவுன் பினியன் போச்சு. மாத்த நாப்பதாயிரம் ஆகும்" என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றும் பேசாமல் தோட்டின் திருகாணியைக் கழற்றத் தொடங்கினாள். அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன். "இரும்மா, இன்னொருத்தர்கிட்டக் காட்டிப் பாத்துரலாம்" என்று தடுத்தேன்.

அந்த இன்னொருவர், காரணம்பேட்டை போகும் சாலையில் சிறிய ஷெட் வைத்திருக்கும் பாய். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய்தான். ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் என்னைக் கேள்வி கேட்டார். "சத்தம் வருதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க தம்பி. எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு சொல்றவருதான் பாதி மெக்கானிக். மொதல்ல அத எழுதிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆய்வகப் பதிவேடு எழுதுவதுபோல மூன்று நாள் எழுதினேன். வண்டி நிற்கும்போதா, ஓடும்போதா? க்ளட்சை மிதித்தால் மாறுகிறதா? சுமை இருக்கும்போதா, இல்லாதபோதா? நேரான சாலையிலா, வளைவிலா? எழுத எழுத ஒன்று விளங்கிற்று. ஒரே இரைச்சல் என்று நான் நினைத்தது மூன்று தனித்தனிச் சத்தங்கள்! நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, தணிக்கும் வழி இன்னது என்று வரிசையாக ஆராயச் சொன்ன வள்ளுவர் வண்டிக்கும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்று தோன்றியது.

மறுநாள் அதிகாலையில் வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டு வந்தோம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பாய் பானெட்டைத் திறந்து வைத்து, அப்பாவை அருகில் நிற்கச் சொல்லி, என்னை விட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னார். 'கீச்'சென்ற அலறலில் ஷெட்டு வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பாய் பெல்ட்டின் மீது கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். அலறலின் குரல் மாறியது. "சத்தம் மாறுனா பெல்ட்டுதான். தொங்கிக் கிடக்குது" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஏனுங்ணா, இது எத்தனை நாளா வருது?" என்று கேட்டார்.

அப்பா பெல்ட்டைப் பார்த்தார். பாயின் வாயைப் பார்த்தார். "எதுங்க பாய்?" என்றார்.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றரை முழத் தூரத்தில் நின்றவருக்கு, நாயை விரட்டிய அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.

பாய் ஒன்றும் நடக்காததுபோல வேலையைத் தொடர்ந்தார். பின்பக்கத்து 'டக், டக்' எளிதில் பிடிபட்டது. கமான் பட்டையைத் தாங்கும் புஷ் தேய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இரும்போடு இரும்பு மோதியிருக்கிறது. சுமை ஏறினால் பட்டை அழுந்தி ஆட்டம் குறையும். விற்றவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது!

மிச்சம் இருந்தது அந்த 'ஊ...' மட்டும். நாற்பதாயிரம் ரூபாய்ச் சத்தம்! காலியாகக் கிடந்த சாலையில் பாய் வண்டியை 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் அதே வேகத்தில் அதே சத்தம். ஆகவே எஞ்சின் சுழற்சிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. நியூட்ரலில் உருளவிட்டார். அப்போதும் மாறவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினார், விட்டார். மாறவில்லை. "கிரவுன் பினியனா இருந்தா மிதிக்கறப்ப ஒரு குரல், விடறப்ப ஒரு குரல் வரும். பல்லு மேல பாரம் மாறுமில்ல?" என்றார். பிறகு ஸ்டியரிங்கை மெதுவாக இடப்பக்கம் வளைத்தார். சத்தம் ஏறியது. வலப்பக்கம் வளைத்தார். இறங்கியது. இடப்புறம் திரும்பினால் வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. ஆகவே நோயாளி வலப்பக்கச் சக்கரத்துப் பேரிங்! வகுப்பில் படித்த மையவிலக்கு விசை அந்தச் சாலையில் எனக்கு உயிரோடு தெரிந்தது.

அந்தப் பக்கத்தில் முன் சக்கரமா, பின் சக்கரமா? ஷெட்டுக்குத் திரும்பி, கட்டை முட்டுக் கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினோம். பாய் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஒரு நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை அதைத் தாங்கும் இரும்பில் வைத்து, பிடியைத் தம் காதோடு ஒட்டினார். என்னிடமும் கொடுத்தார். காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும் ஒலி, எஃகில் 5000 மீட்டருக்கு மேல் போகிறது. லென்னக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1816இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரே, அதே வித்தைதான் இது. ஆனாலும் எனக்கு அந்த உராய்வு தெளிவாக விளங்கவில்லை. இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

அப்பா அருகில் வந்தார். ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை. இரும்பில் உள்ளங்கையைப் பதித்து, "சுத்துங்க பாய்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"இதுதானுங்க. உள்ளே மணலு அரையற மாதிரி இருக்குது. ஒரு சுத்துக்கு ஒரு எடத்துல தட்டுது" என்றார்.

கழற்றிப் பார்த்தோம். கிரீஸ் வற்றிக் கருத்திருந்தது. பேரிங்கின் உள்வளையத்தில் ஓரிடத்தில் நகக்கண் அளவுக்கு உலோகம் உரிந்திருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் சக்கரமே இறுகிப் போயிருக்கலாம் என்றார் பாய். பேரிங், புஷ், பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் ஆயிற்று. அம்மாவின் தோடு காதிலேயே இருந்தது.

புறப்படும்போது பாய் என் தோளில் கை வைத்தார். "வண்டிக்குப் பாத்தாச்சு தம்பி. அண்ணனுக்கும் ஒருக்கா பாத்துருங்க" என்றார், அவ்வளவுதான்.

அன்றிரவு திண்ணையில் அப்பாவின் எதிரே, என் வாய் தெரியும்படி உட்கார்ந்து கேட்டேன். எப்போதிருந்து என்று. "தறியில இருக்கறப்பவே குறைஞ்சு போச்சு கண்ணு. குடோனுக்குள்ள யாரு பேச்சும் யாருக்கும் கேக்காது. உதட்டப் பாத்துப் பேசிக்குவோம். எந்தத் தறி கோளாறுன்னு காதுல தெரியாது, கை வெச்சாத்தான் தெரியும். காது கேக்கலைன்னு வெளியில தெரிஞ்சா லோடு குடுப்பாங்களா? நீங்கதான் என்னை வண்டி எடுக்க விடுவீங்களா?" என்றார்.

பேச எனக்கு வாய் வரவில்லை. காது கேட்காதா என்று நான் கத்திய நாளில் அவர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அது பிடிவாதம் அல்ல.

அரசு மருத்துவமனையில் அப்பாவின் செவித்திறனை ஒரு வரைபடத்தில் காட்டினார்கள். எத்தனையோ வரைபடங்கள் வரைந்திருக்கிறேன். எந்தக் கோடும் என் நெஞ்சை அப்படி அறுத்ததில்லை. தாழ்ந்த சுரங்களில் ஓரளவு நேராக வந்த கோடு, 4000 ஹெர்ட்ஸ் அருகில் கிணற்றில் விழுந்ததுபோல இறங்கியிருந்தது. பேரிரைச்சலில் நெடுங்காலம் வேலை செய்பவர்களுக்கு முதலில் பழுதாவது அந்த இடம்தானாம். 90 டெசிபலைத் தாண்டும் இரைச்சல் தறிக்கூடங்களில் சாதாரணம். டெசிபல் பத்து கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்கு ஆகிறது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது என் வீட்டுக் கணக்கு என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே! உட்செவியில் அழிந்த நுண்மயிர்ச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. பேரிங்கை மாற்றலாம், காதை மாற்ற முடியாது.

இப்போது அப்பா காதொலிக் கருவி அணிந்துதான் வண்டி எடுக்கிறார். பின்னால் வரும் ஹாரன் கேட்கிறது என்கிறார். முதல் நாள் காலையில் வேப்பமரத்துக் குருவிச் சத்தத்தைக் கேட்டு, "இதுக இத்தனை நாளும் இங்கதான் இருந்துச்சா?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விடுமுறை நாட்களில் நான்தான் வண்டியைக் கிளப்புகிறேன். நான் காதால் கேட்கிறேன், அப்பா பானெட்டில் கை வைத்துப் பார்க்கிறார். இருவரும் ஒன்று என்று சொன்ன பிறகே வண்டி புறப்படும்.

நண்பர்களே! நம் கல்லூரியில் படிக்கும் பலருடைய வீட்டிலும் தறியோ, மில்லோ, பட்டறையோ ஓடிய இரைச்சலில்தான் நமக்குக் கல்விக் கட்டணம் வந்தது. ஒரு சொல்லை இரண்டாவது முறை கேட்கும் தந்தையிடம் சலித்துக்கொள்ளும் முன், ஒரு பழைய வண்டிக்குக் காட்டும் பொறுமையையாவது காட்டுவோம். எப்போது கேட்கிறது, எப்போது கேட்கவில்லை என்று கவனிப்போம். பாய் சொன்னதுபோல, அதுவே பாதி வைத்தியம்.